மங்கு

கினிகத்தேனை வளைவுகளில்
இரண்டு முறை வாந்தி எடுத்த யாரோ வீட்டுப் பிள்ளைக்கு
என் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டதால்
கண்டியில் இறங்கும்போது
முகத்தை மூட ஒன்றுமில்லை.

சப்பாத்துக் கடைக்கு மேல் மாடி.
நாலாவது தடவை.
கண்ணைக் கறுப்பு மூடிக்குள் அடைக்கிறார்கள்.
"டிக்கக் வலிக்கும் மிஸ்" என்கிறார் டாக்டர்,
தன்னுடைய தமிழில்.
ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்துக்
கன்னத்தில் விடுகிற மாதிரி.
மூடிய இமைக்குள்ளும் செம்மஞ்சளாய் ஒரு சொடுக்கு,
பூனைமயிர் கருகும் வாசம்.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
முந்நூற்றுப் பத்தில் விட்டுப்போயிற்று.

மங்கு என்று பெயர் வைத்தது யாரோ,
மங்கவே மங்காத ஒன்றுக்கு.
மூத்தவன் வயிற்றில் இருந்தபோது வந்தது.
அவன் இப்போது சவரம் செய்கிறான்.
நடுவில்
வெள்ளை மூடிக் கிரீம், தங்க மூடிக் கிரீம்,
சந்தையில் வாங்கிய பெயரில்லாத டப்பா.
அது மூன்று மாதம் வெளுக்க வைத்தது,
நாலாம் மாதம்
முன்னிலும் கறுப்பாய்த் திருப்பித் தந்தது
வட்டியோடு.

ஹட்டனில் அடகுக் கடையில் எனக்கு வேலை.
உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால்
முலாம் எது, பொன் எது, சொல்லிவிடுவேன்.
போன வெள்ளி, கடை சாத்துமுன்
காப்பு இரண்டையும் கழற்றி
நானே உரைத்து, நானே நிறுத்து,
சீட்டில் வே. கமலவேணி என்று எழுதினேன்.
பெறுமதியைக் கொஞ்சம் குறைத்தே போட்டேன்.
பழக்கம்.

"வெயில் படக் கூடாது. ஜன்னல் வெயிலும்."
குழாய் ஒன்றைத் தந்து அனுப்பினார்.

திங்கட்கிழமை அதை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கம்பிக்கு அந்தப் பக்கம் செபமாலை,
டிக்கோயா மேல்பிரிவில் கொழுந்தெடுக்கிறவர்.
இன்றைக்கு அரைப்பேர்தான் அவருக்கு.
ஒரு சோடித் தோடு, ஒன்றில் கல் இல்லை.
இரு கன்னத்திலும் எனக்குள்ள அதே இரண்டு தீவு,
மூக்குத் தண்டில் அதே பாலம்.
பதினேழு வருடமாய் இந்தக் கம்பி வழியே
வாங்கியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன்.
காதுக்கு மேலே பார்த்ததில்லை.

அவர் பார்த்தார்.
"என்னா மிஸ், மொகம் இப்பிடி வெளுத்துக் கெடக்கு?
ஒடம்புல ரத்தம் இல்லியா?
முருங்கக்கீர சாப்புடுங்க."

சிரித்தால் கன்னம் இழுக்கிறது.
சிரித்தேன்.
வெயில் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்;
அதற்குள் அவர்
கூடைக்கயிறு அழுத்திய நெற்றியைத் தேய்த்துக்கொண்டு
ஹட்டன் பஸ் எத்தனை மணிக்கு என்று
பக்கத்தில் நின்றவரிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்.

கல்லில்லாத தோட்டின் குழியில்
சவர்க்காரம் அடைந்து காய்ந்திருந்தது.
ஊசியை எடுத்தேன்.
பிறகு, அதை வைத்துவிட்டு
அப்படியே நிறுத்தேன்.