ஒரு விரல் இடைவெளி

இருபது நிமிடம் ஓடும். அப்புறம்
இருமும், தலையாட்டும், நின்றுவிடும்.

பைசாந்தூ கம்பளிக் கிடங்கில் ஜூலைக் குளிர்.
உருகுவே ஆற்றுப் பனி கதவிடுக்கில் நுழைந்து
மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரி வாசலில்.
அதன் ஓட்டுநர் மாத்தேக் குடுவையை உறிஞ்சியபடி
எங்களை எடைபோடுகிறான்.

எனக்கும் இந்த ஃபோர்க்லிஃப்டுக்கும்
ஏறக்குறைய ஒரே வயது.
மஞ்சள் உதிர்ந்தால் கீழே பச்சை,
பச்சை உதிர்ந்தால் துரு.

பிளக் நான்கையும் மாற்றினேன். ஓடியது.
நின்றது.
பாயிண்ட்டைத் தேய்த்து, புதுக் கண்டென்சர் போட்டேன். ஓடியது.
நின்றது.
கார்புரேட்டரைப் பிரித்துச் சாப்பாட்டுத் தட்டில் பரப்பி
துளைதுளையாகக் காற்றடித்தேன்.
ஓடியது. யமாண்டு கைதட்டினான்.
நின்றது.

நிற்கும் ஒவ்வொரு முறையும்
"பெட்ரோல் இருக்கா பார்" என்பேன்.
அவன் மூடியைத் திறந்து, குச்சி விட்டு,
"பாதி இருக்கு நீபியா" என்பான்.
அந்தத் திறப்பில்தான் அது மூச்சு வாங்கியிருக்கிறது.
நானோ என் ஸ்பானருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று அவன் திறக்கும்போது பக்கத்தில் நின்றேன்.
ஸ்ஸ்...
சோடா உடைத்ததுபோல, ஆனால் உள்நோக்கி.
போன வருடம் டிராக்டர் கடையில் வாங்கிய மூடி.
நன்றாக இறுகும்.
மூச்சுத்துளை இல்லை.

வெளியே கொண்டுபோய்த் துளையிட்டு வந்தேன்.
ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

ஆனால் மூட்டையோடு சரிவில் ஏறும்போது
எஞ்சின் கத்துகிறது, சக்கரம் கேட்பதில்லை.
கருகல் வாடை கம்பளிக் கொழுப்போடு கலந்து
உயிரோடு ஆட்டை வாட்டுவதுபோல.

கிளட்ச்.
அதற்குக் காரணம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது:
'ஒலிவேரா மிதியில் கால் வைத்தபடியே ஓட்டுகிறார்.'
மே மாதத் தாள். சொன்னது முதலாளி,
கையெழுத்து என்னுடையது.
அன்றிலிருந்து வாஷிங்டன் ஒலிவேரா
பின்கொட்டகையில் சிதறிய கம்பளியைக் கூட்டுகிறார்,
நாளுக்கு நூறு பெசோ குறைவாக.

மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தேன்.
முதல் ஒரு விரல் அளவு
சும்மா இறங்க வேண்டும், எதையும் தொடாமல்.
இறங்கவில்லை. தொட்டதுமே கனம்.

அடியில் படுத்தேன்.
தள்ளுகோல் கடைசி மரை வரை முறுக்கப்பட்டு
பேரிங் எந்நேரமும் பிளேட்டின் மேல் சாய்ந்து கிடந்தது.
யாரும் ஏறாத ராத்திரியிலும்
வண்டியே தன் மிதியில் கால் வைத்திருந்தது.

லாக்நட்டில் பச்சை நகப்பூச்சு, ஒரு பொட்டு.
நான் இறுக்கியவற்றுக்கு நான் வைக்கும் அடையாளம்.
மார்ச்சில், ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிக்கிறதென்று
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
நானே முறுக்கியது.

மூன்று சுற்றுத் தளர்த்தினேன். ஒரு விரல் வந்தது.
தட்டு தேய்ந்தது தேய்ந்ததுதான்,
அடுத்த மாதம் எஞ்சினை இறக்காமல் தீராது.
ரிவர்ஸ் மறுபடியும் பல்லைக் கடிக்கிறது.
அது ஏனென்று இன்னும் தெரியவில்லை.

கையைத் துடைக்காமல் பின்கொட்டகைக்குப் போனேன்.
அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை.
"தள்ளுகோல்" என்றேன். "மார்ச்சில். நான்."

குவியலிலிருந்து ஒரு பிடி கம்பளி எடுத்து
கை துடைக்க நீட்டினார்.
"தாள்ல எழுது" என்றார்.