இருநூற்று இருபத்தாறு

இப்போது அது இருநூற்றுப் பதினான்கு வரி.
அதில் பதினேழு வெறும் குறிப்பு.
இரண்டு வரி வசவு, தமிழில்.
திரியர் அலுவலகத்தில் யாரும் இதுவரை
அர்த்தம் கேட்டதில்லை.

கோர்டலில், கில் ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில்
செருப்புப் பெட்டி அளவு கணினியில் ஓடுகிறது.
கால் மணிக்கு ஒருமுறை எழுந்து
கோப்லென்ஸ் சர்வரைக் கூப்பிடும்.
பேச்சு என்றைக்கும் ஒன்றுதான்.

இருநூற்று இருபது: இருக்கிறேன், சொல்.
பெயரைச் சொல்லும்.
முன்னூற்று முப்பத்தொன்று: பெயர் போதாது, கடவுச்சொல்?
அது ஒரு மீன்குழம்பின் பெயர்,
அதற்கு மேல் சொல்லமாட்டேன்.
இருநூற்று முப்பது: வா உள்ளே.

கோப்பைக் கொடுக்க மட்டும் வேறு வாசல்.
நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன், தீச்சுவர் விடாது,
நீயே வா என்று ஆறு எண்கள் தரும்.
ஐந்தாவதை இருநூற்றைம்பத்தாறால் பெருக்கி
ஆறாவதைக் கூட்டினால் கதவு.
போய், கொடுத்து, காத்து நிற்கும்.
இருநூற்று இருபத்தாறு: வந்து சேர்ந்தது.
இருநூற்று இருபத்தொன்று: போய் வா.
'போ' என்பதுதான் மூலத்தில்.
'வா'வை நான் சேர்த்துக்கொண்டேன்.

வசவு முதல் வாரத்தது.
ஆற்றின் படங்களை எழுத்துமுறையில் அனுப்பிவிட்டேன்.
பத்து என்ற பைட் வந்த இடத்திலெல்லாம்
வழியில் எதுவோ ஒரு பதின்மூன்றைச் செருகியது.
பாலம் பாதியில் நழுவி
தண்ணீருக்கு மேலே வானம், வானத்துக்கு மேலே தண்ணீர்.
ஒரே ஒரு சொல் விட்டுப்போயிருந்தது.
மூன்று ராத்திரி தேடினேன்.

பிப்ரவரிச் சனிக்கிழமை. மழை.
இரண்டே காலுக்கு ஆற்றுக்குள் இருந்த உணரியின் கேபிளை
ஏதோ மரம் இழுத்துக்கொண்டு போனது.
அளவு எழுதும் நிரல் கோப்பைத் திறந்தது,
தேதி வைத்துப் பெயர் சூட்டியது,
எழுத ஒன்றுமில்லை, மூடியது.
பூஜ்யம் பைட்.
என் நிரல் அதை வாங்கி, கதவு எண் கணக்குப் போட்டு,
பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தது.
இருநூற்று இருபத்தாறு.
இரண்டரைக்கு இன்னொன்று. இருநூற்று இருபத்தாறு.
மூன்றரை வரை ஆறு தடவை.
கோப்லென்ஸ் திரையில் கடைசி அளவே நேர்கோடாக நீண்டது,
ஒரு மீட்டர் எண்பத்தேழு.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்
கவரை வாங்கியதும் பிரிப்பார்.
எண்ணிப் பார்த்து, ஊரும் பேரும் தொகையும்
மண்டபம் கேட்கச் சொல்லித்தான் நோட்டில் ஏற்றுவார்.
எனக்கு அது தெரியும்.
பத்து வயதில் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.
தெரிந்திருந்தும்
பிரிக்காத ஆளாக ஒன்றை எழுதி
ஆற்றங்கரையில் வைத்திருந்தேன்.

மூன்று நாற்பதுக்கு எங்களைக் கூப்பிட்டது நிரல் அல்ல,
ரொட்டிக்கடை ஹில்டெகுண்ட் மெர்டெஸ்.
அடுப்பறைப் படியில் தண்ணீர் என்றார்,
குரல் உயராமல், நேரம் சொல்வதுபோல.
ஏவால்ட் தீலன் டார்ச்சோடு வண்டியெடுத்துப் போய்
அளவுக்கம்பத்தைக் கண்ணால் படித்தார்:
மூன்று நாற்பத்திரண்டு.

யாரும் சாகவில்லை.
இரண்டு கார், நாற்பது மூட்டை மாவு, ஒரு அடுப்பு.

திங்கட்கிழமைக் கூட்டத்தில்
கேபிள் கம்பெனி மரத்தைச் சொன்னது.
கோப்லென்ஸ், எல்லாம் வந்து சேர்ந்ததே என்று
பதிவேட்டை விரித்தது. உண்மைதான்.
நான் நூற்று நாற்பதாம் வரி என்றேன்.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஏவால்டின் பூட்ஸ் மட்டும் ஹீட்டர் மேல்
இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

இரண்டே வரி சேர்த்தேன்.
எடை பார். வெறுமையென்றால் அனுப்பாதே,
என் கைபேசியைக் கூப்பிடு.

மாதத்தில் ஒருநாள், நான் அறியாத நேரத்தில்,
ஏவால்ட் ஒரு காலிக் கோப்பை அங்கே வைப்பார்.
போன மாதம் அது அடித்தபோது
புது அடுப்பு வாசத்தில், மெர்டெஸ் கடை வரிசையில் நின்றேன்.
வீட்டிலிருந்தா என்று கேட்டார்.
ஆற்றிலிருந்து.
என்ன சொல்கிறது?
ஒன்றுமில்லை என்கிறது, என்றேன்.
தலையாட்டினார்.
சில்லறையை ஒருமுறை எண்ணி,
என் கையில் வைக்குமுன்
இன்னொரு முறை எண்ணினார்.