மின்வாரிய ஓதம்

கடல் பார்க்க வேண்டுமென்றால்
கூடலூர் இறங்கி, நாடுகாணி தாண்டி, கோழிக்கோடு போக வேண்டும்.
ஆனாலும் எங்கள் தண்ணீர் ஏறும், இறங்கும்.

நிலாவுக்கு இதில் வேலையில்லை.
கீழே மலைக்குடலுக்குள் இருக்கும் மின்நிலையத்தில்
யாரோ ஒருவர் சக்கரம் திருப்புகிறார்,
சோமனூரில் தறி ஓடுகிறது,
எங்கள் கரை இரண்டு விரல் இறங்குகிறது.
தீபாவளிக்குத் தறிகள் நின்றால்
தண்ணீர் வாசலுக்கே வந்து விசாரிக்கும்.

ஓதம் என்ற சொல்லைக் கொண்டுவந்தவள் மூக்காயி.
தலைமன்னாரில் கப்பலேறி வந்து
மண்டபம் முகாமில் பதினொரு நாள் கடலைப் பார்த்தவள்.
அதற்கு முன்னும் பின்னும் தேயிலைதான்.
அணைத் தண்ணீர் ஒரே ராத்திரியில் பின்வாங்கியபோது
'இதுக்குப் பேரு இருக்கு' என்றாள்.
பேர் ஒட்டிக்கொண்டது.
அவளுக்குத் தந்த பட்டா ஒட்டவில்லை.
சர்வே எண் தண்ணீருக்குள் விழுகிறதாம்.

ஏழு வீடு, ஒரு குழாய், மூன்று நாய்.
முன்பு இது மலையுச்சி.
அணை கட்டியவர்கள் சிமெண்டு மூட்டை நனையாதிருக்க
அடுக்கிவைத்த மேடு.
நீர் நிறைந்தது.
மூட்டைக்குக் காவலிருந்த சேலத்துக் குடும்பத்தை
இறங்கச் சொல்ல யாருக்கும் நினைவில்லை.
வரலாறு அவ்வளவுதான்.

தார்ச்சாலைக்குப் போகும் மண்மேட்டுக்குக் கழுத்து என்று பெயர்.
அளவுகோலில் நாற்பத்தொன்றுவரை நடக்கலாம்,
நாற்பத்திரண்டில் செருப்பு கையில்,
நாற்பத்துமூன்றில் பரிசல்,
அதற்குமேல் பள்ளிக்கூடம் லீவு.
எங்கள் பிள்ளைகளுக்கு
நாற்பதிலிருந்துதான் எண்ணத் தெரியும்.

அளவு பார்ப்பவள் நான். தினக்கூலி.
காலை ஆறு, மாலை ஆறு.
பதிவேட்டில் தேதி, அடி, மழை, குறிப்பு.
குறிப்பில் 'இல்லை' என்று எழுதினால் போதும் என்றார் பொறியாளர்.
பதினாறு வருடம்
இல்லை, இல்லை என்று எழுதினேன்.

அந்த ஐப்பசியில் மூன்றாம் நாள் மழை.
டார்ச் அடித்தால் கோல் இருந்த இடத்தில் கோல் இல்லை.
ஒரு கொம்பு மட்டும் நீந்தி வந்தது.
பிறகு அதன் கீழே முகம், கழுத்து, முழுக் கடமான்.
என் விறகுக் கொட்டகையில் ஏறி நின்று நடுங்கியது.
நாய்கள் குரைக்கவில்லை.

செல்போன் அடித்தது.
'எவ்வளவு?'
'கோல் முங்கிடுச்சு சார்.'
'ஏதாச்சும் அளவு சொல்லும்மா. மதகு தூக்கணுமா வேண்டாமா?'
எஸ்தர் வீட்டு வாசலுக்கு வெளிச்சத்தைத் திருப்பினேன்.
'மூணு படி முங்கியிருக்கு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.
அதுக்கு மேல புள்ள. பொறந்து ஒம்பது நாள்.'
கொஞ்ச நேரம் போனுக்குள்ளும் மழை பெய்தது.
அப்புறம் தூரத்தில்
இரும்பு இரும்பின்மேல் ஏறும் சத்தம்.

கீழே யார் வாசலில் எத்தனை படி மிச்சமிருந்ததோ,
நான் கேட்கவில்லை.
இன்றுவரை கேட்கவில்லை.

விடிந்து பதிவேட்டை விரித்தேன்.
அடி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக்
குறிப்பில் எழுதினேன்:
மூன்று படி. கடமான் ஒன்று. பிள்ளை தூங்குகிறது.
அடுத்த வாரம் அதைச் சிவப்பு மை அடித்திருந்தது.
மேலே வேறு கையெழுத்து:
குடியிருப்பு இல்லை.

சித்திரையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும்.
ஹாலன் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி வருவார்,
சட்டைப்பையில் அறுபத்திரண்டாம் வருடத்துத் தீர்வை ரசீது.
வெடித்த சேற்றில் கல்வரப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து
ஓரிடத்தில் நிற்பார்.
செருப்பைக் கழற்றுவார்.
தலையில் இடிக்காதபடி குனிந்து
உள்ளே போவார்.

இந்த வருடம் அவருக்கு டீ கொண்டுபோனேன்.
எங்கும் சேறுதான். ஒரு செத்த கெண்டை. வெயில்.
எங்கே கால் வைப்பதென்று தெரியாமல்
டம்ளரோடு நின்றேன்.

'அது சுவரு' என்றார்.
'இந்தப் பக்கமா வாம்மா.'