நாலு கைக்காரன்

மடியில் ஒரு தினை கனம்.
உள்ளங்கையில் அதைவிடக் கொஞ்சம் கூட.
கன்னத்தில் நிற்பதே இல்லை, வழுக்கிவிடும்.
எது கிடையாய் இருக்கிறதோ
அதில்தான் உட்காருகிறது தூசி;
இதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஆட்டுமயிர்த் தூரிகை, தகர முறம், ஒரு நோட்டு.
எடை போட்டு எழுத வேண்டும்:
ஒன்பதாம் குகை, கிழக்குச் சுவர்,
நிலக்கரித் தூள் நாற்பது கிராம்.

வெளியே சாலை.
தாதோங் சுரங்கத்து லாரிகள்
இரவெல்லாம் மலையை ஏற்றிக்கொண்டு போகின்றன.
குலுங்கும்போதெல்லாம் ஒரு சிட்டிகை
இங்கே காணிக்கை.

உளி பிடித்தவர்கள் மேலிருந்து இறங்கினார்களாம்.
முதலில் வெளிச்சத்துக்கு ஒரு சன்னல்,
பிறகு நெற்றி, மூக்கு, மார்பு.
பாதம் வந்தபோது
நெற்றியை வெட்டியவன் இருந்தானோ இல்லையோ.

ஷிகுவெய்யும் மேலிருந்து இறங்கியவர்தான்.
இருபத்திரண்டு வருஷம், நாலாம் நம்பர் குழி.
இந்தப் பக்கம் குடைந்தவர்களுக்குப் புத்தர் கிடைத்தார்.
அந்தப் பக்கம் குடைந்தவர்களுக்கு
ஊர் அடுப்பெல்லாம் எரிந்தது.

புதன்கிழமை
எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர்.
விலா எலும்புகளுக்கு உள்ளே
வரிசை வரிசையாய்ச் சின்ன மாடங்கள்,
பதினைந்தாம் குகைச் சுவர்போலவே,
ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.
நெஞ்சுக்குள் போனால்
கரியும் வெள்ளையாகத்தான் தெரியும் என்பது
அன்றுவரை எனக்குத் தெரியாது.
"இதைத் துடைத்தெடுக்க முடியாதா?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சாமி கும்பிடுகிறவள் இல்லை நான்.
சம்பளத்துக்கு ஏணி ஏறுகிறேன்.
ஆனால் பதின்மூன்றாம் குகையில் ஒருவன் இருக்கிறான்.
அபயம் காட்டும் பெரியவரின் கை
பாரம் தாளாமல் முறிந்துவிடக் கூடாதென்று
தொடைமேல் ஒரு ஆளைச் செதுக்கி
முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.
அவனுக்கு நாலு கை.
வருகிறவர்கள் பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
"பயப்படாதே" என்று அவர் சொல்வதெல்லாம்
இவன் தோளில் நிற்கிறது.

ராத்திரி மூன்று மணிக்கு
படுத்தால் மூச்சு வராமல்
எழுந்து உட்காருவார் ஷிகுவெய்.
முதுகுக்கு ஒரு கை வேண்டும்.
நெற்றிக்கு ஒன்று. துப்பும் கிண்ணத்துக்கு ஒன்று.
விளக்கைப் போட ஒன்று.
என்னிடம் இருப்பது இரண்டு.
விளக்கில்லாமலே பழகிக்கொண்டோம்.

நோட்டில் அவனுக்குத் தனி வரி கிடையாது.
அவன் தூசியும் பெரியவர் கணக்கில்தான் சேரும்.
இன்று தனியாக வழித்தேன்,
காகிதத்தில் கொட்டித் தராசில் வைத்தேன்,
மேற்பார்வையாளர் லியென் கேட்டால் கேட்கட்டும் என்று
எழுதினேன்:

நாலு கைக்காரன், வலது தோள்.
ஏழு கிராம்.