முப்பத்தெட்டு கிலோமீட்டர்

அடாப்டர் அறுநூற்று நாற்பது ரூபாய்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில்
கழுத்தை ஒடித்துத் தேடிச் சொருகினால்
நீலமாகக் கண் சிமிட்டும்.

வண்டி வந்த அன்றிரவே சொருகினேன்.
சந்தேகமெல்லாம் இல்லை. புதுச் சாமான்,
கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.
அஸ்தம்பட்டிச் சந்தில் கரண்ட் போயிருந்தது.
போன் வெளிச்சத்தில் எஞ்சின்
தன் ஜாதகத்தை விரித்தது:
கூலன்ட் எண்பத்தெட்டு டிகிரி,
பேட்டரி பதினாலு வோல்ட்,
குறைகள் இல்லை. பச்சை டிக்.

அதற்கும் கீழே, தள்ளித் தள்ளிப் போனால்
ஒரு பொடி எழுத்து வரி:
குறைகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம்
38 கி.மீ.

சங்ககிரியில் மச்சான் வீட்டு கேட்டிலிருந்து
மகுடஞ்சாவடி, காக்காபாளையம்,
கொண்டலாம்பட்டி ரவுண்டானா சுற்றி
எங்கள் வாசல்வரை எவ்வளவு என்று
மேப்பைத் திறந்து பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.

"தங்கச்சி ஏறிப் போற வண்டி,
பத்தாயிரம் குறைச்சுக்கறேன்"
என்றுதான் சாவியைக் கொடுத்தார் செங்கோட்டுவேலன்.
வெங்காய பஜ்ஜி இன்னொரு தட்டு கேட்டு வாங்கித் தின்றார்.
கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
கையாட்டினார்.

பூங்கோதையிடம் சொல்லவில்லை.
பச்சை டிக்கை மட்டும் காட்டினேன்.

ஞாயிறு ஏற்காட்டுக்குக் கிளம்பினோம்.
அடிவாரம் தாண்டும்வரை வண்டி தங்கம்.
ஆறாவது கொண்டை ஊசியில் லேசாகத் தும்மியது.
ஒன்பதாவதில் உடம்பே உதறி
மீட்டர் நடுவில் எஞ்சின் படம்
விட்டு விட்டு எரிந்தது.

ஓரங்கட்டினேன். போன் அவள் மடியில்.
"ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்னு போட்டிருக்குதுங்க"
என்று படித்தாள். பிறகு
கீழே தள்ளினாள். நான் தடுக்கவில்லை.
"அழிச்ச பின்னாடி அறுபத்தொண்ணு...
நேத்து எவ்வளவு ஓட்டினீங்க?"

நாலு ரோட்டில் சீட்டுக் கம்பெனி கேஷ் கவுண்டர்,
நாள் முழுக்கக் கழித்தல் போடுகிறவள்.
உழவர் சந்தைக்குப் போய் வந்தது ஆறு,
இன்றைக்குப் பதினேழு.
உதடு மட்டும் அசைந்தது.

மீதியை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.
பதினொரு வருஷமாகத் தீபாவளிக்கும் நோம்பிக்கும்
பஸ்ஸில் போய்வந்த தூரம்.
எந்தப் பாலத்தில் குலுங்கும் என்பதுகூடத் தெரியும்.

மலைக்காற்றில் கிளட்ச் வாடை.
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
எங்கள் கண்ணாடியைக் கழற்றலாமா என்று யோசித்தது.
கீழே சேலம் வெயிலில் தகரமாய் மின்னியது.

"சாவிய மட்டும் போடுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க."
ஆப் கேட்டது: எல்லாவற்றையும் அழிக்கவா?
கட்டைவிரல் கொஞ்ச நேரம் கண்ணாடிமேல் நின்றது.
அமுக்கினாள்.
விளக்கு அணைந்தது. தூரம்: 0.
ஒருவேளை அவர் கட்டைவிரலும்
இப்படித்தான் நின்றிருக்குமோ என்னவோ.
பஜ்ஜிதான் இடிக்கிறது.

மெதுவாக ஏற்றினேன்.
பத்து. பதினொன்று. யாரும் பேசவில்லை.
பதினைந்தாவது வளைவில்
பழையபடி மஞ்சள்.

"அஞ்சு கிலோமீட்டர்" என்றாள்.
"அண்ணன் முப்பத்தெட்டு ஓட்டியிருக்குது."
"அது சமதரை" என்றேன்.
சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை.
எதிரே பஸ், ஹாரன், நான் ரிவர்ஸ்.

ஒண்டிக்கடை வந்ததும் போன் அடித்தது.
அவரேதான்.
"வண்டி எப்படி ஏறுது, பாப்பா?"
"ஏறுதுங்கண்ணா.
அடுத்த ஞாயித்துக்கெழமை அங்க வர்றோம்.
இதுலயேதான் வர்றோம்."

அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமில்லை.
லாரி ஒன்று கடந்துபோவது மட்டும் கேட்டது.

வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:
"அந்த நீல லைட்டைக் கழட்டிராதீங்க.
அங்க போற வரைக்கும் இருக்கட்டும்."