இடது காலுக்கு வேலை இல்லை

அல் நஹ்தாவில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால்
மணல் பார்க்கிங்கில் நிற்கின்றன இரண்டும்.
அவனுடையது பத்தொன்பது வயது சன்னி, ஐந்து கியர்.
என்னுடையது மின்சார வண்டி,
எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டிச் சலித்தது.

என் லைசென்ஸில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்றிருக்கிறது.
மேனுவலில் நான்கு முறை தோற்றேன்.
கடைசி முறை, ஏற்றத்தில்,
வண்டி பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே
பரிசோதகர் பேனாவை மூடினார்.
திட்டவில்லை. மூடினார், அவ்வளவுதான்.

ஜெபசிங் சன்னியைக் காதால் ஓட்டுகிறவன்.
முனகினால் மூன்றுக்கு இறக்குவான்,
கத்தினால் நான்குக்கு ஏற்றுவான்.
ஜூலையில் கியர் குமிழ் சுடுகிறதென்று
மகளின் பள்ளிக்கூடச் சாக்ஸ் ஒன்றை அதற்கு மாட்டியிருக்கிறான்.
மகள் பாளையங்கோட்டையில், ஹாஸ்டலில்.
சிக்னல் விழாத நேரத்திலும்
அவன் கை அதன்மேல்தான் கிடக்கும்.

என் வண்டியிடம் சத்தமில்லை, எண் இருக்கிறது.
எழுபத்தொன்று. ஏ.சி.யைக் கூட்டு, அறுபத்தாறு.
மருந்துக்கடையில் பகல் முழுக்கச் சுகர், பிரஷர், எடை.
வெளியே வந்தால் இதற்கும் ஒரு ரீடிங்.
சர்க்கரைக்காரரை வீட்டில் வைத்திருப்பது போல
சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும்.

ஆனால் மாதக் கடைசி இரவு,
நாளை பெட்ரோல் விலை ஏறுகிறது என்று
பங்க் வாசலில் வண்டிகள் வால் நீட்டி நிற்கும்போது
நான் அந்த வழியாகத்தான் வருவேன்.
கொஞ்சம் மெதுவாகவே.
வரிசையில் பதினோராவதாக ஜெபசிங்
என்னைப் பார்க்காத மாதிரி இருப்பான்.

மூன்றாம் மாடியிலிருந்து வயர் தொங்கவிடக் கூடாது என்று
வாட்ச்மேன் சொல்லிவிட்டார்.
அதனால் சூப்பர்மார்க்கெட்டின் பேஸ்மென்ட், தூண் எண் நாற்பது,
கடை அடைத்த பிறகு நாற்பது நிமிடம்.
ஹாலைத் தடுத்து வாடகைக்கு விட்ட வீட்டில்
குளியலறைக்குக்கூட வரிசை இருக்கிறது.
இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொள்வேன்.
எண்பது வந்தவுடன் கிளம்பிவிடலாம்.
நூறு வந்தால்தான் பேட்டரிக்கு நல்லது
என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை சன்னி கிளம்பவில்லை.
சாவியைத் திருப்பினால் டிக். மறுபடியும் டிக்.
லாண்டரிக்கார குல் ஜமான் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.
இரண்டாம் மாடி எகிப்தியர், லுங்கி மாதிரி எதையோ கட்டிக்கொண்டு.
பெயர் தெரியாத டெலிவரிப் பையன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.
தள்ள ஆள் இருக்கிறது. உள்ளே உட்கார ஆள் இல்லை.
ஜெபசிங் என்னைப் பார்த்தான்.
“ரோடு இல்லையே, மணல்தானே” என்றான்.

சீட் தொடையைச் சுட்டது.
சாக்ஸைப் பிடித்தேன். இரண்டில் போட்டேன்.
இடது காலை முழுக்க அழுத்தினேன்.
பின்னாலிருந்து மூன்று மொழிகளில் மூச்சு.
வண்டி நகர்வது முதலில் வயிற்றில் தெரிந்தது.
“விடு! இப்ப விடு பெர்சிஸ்!”

விட்டேன்.
ஒரு குலுக்கல், ஒரு இருமல்,
பிறகு அந்தக் கிழட்டுக் குரல் முழுசாக எழுந்தது.
நிறுத்த வேண்டியதுதான்.
நிறுத்தவில்லை.
குப்பைத்தொட்டியைச் சுற்றி,
சார்ஜ் குறைந்து வெள்ளையாய் நிற்கும் என் வண்டியைச் சுற்றி
ஒரு முழு வட்டம் போனேன்.
ஹெல்மெட் பையன் கை தட்டினான்.
“அணைச்சிடாதே, அணைச்சிடாதே” என்று
வேர்த்து ஒழுக, புழுதிக்குள் ஓடி வந்தான் ஜெபசிங்.

மறுநாள் காலை என் வண்டியில், சிக்னலில், ஐம்பத்தெட்டு சதவீதம்.
இடது கெண்டைக்கால் வலித்தது.
பச்சை விழுந்தது.
வெறும் தரைவிரிப்பை
ஒரு முறை மிதித்துவிட்டுக் கிளம்பினேன்.