நண்டுக்கு எந்த வினை

இரு என்றால் ஜப்பானிலும் இரு தானாம்.
கேணிக்கரையில், ஜெராக்ஸ் கடை மாடியில்,
முதல் ஞாயிறே இதைக் கேட்டதும்
பாதி மொழி கைக்கு வந்துவிட்டதாக நினைத்தேன்.
திரும்பும் பஸ்ஸில் உச்சிப்புளி வரை
இரு, இரு என்று
சன்னல் கம்பியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் மதுரவல்லி டீச்சர்
(என்னைவிட ஆறு வயது சின்னவள்,
ஒசாகாவில் இரண்டு வருடம் பிஸ்கட் அடுக்கியவள்)
பக்கத்தில் இன்னொன்று எழுதினாள்: அரு.
இதுவும் இருப்பதுதான்.
தானாக நகர்கிறவைக்கு இரு,
மற்றதுக்கெல்லாம் அரு.

கம்பிக்கு நான் சொன்னது தப்பு.

பனைமரம்?
அரு.
உயிர்தானே டீச்சர் அது?
உயிர்தான். எங்கே நடந்து போகிறது?
பேய்? என்றான் கடைசி பெஞ்சு ஹபீப்.
பேய்க்கு இரு. வரும், போகும் இல்லையா.

மண்டபத்தில் எனக்கு நண்டு கம்பெனியில் வேலை.
கொடுக்கில் ரப்பர் வளையத்தோடு
கூடையில் ஒன்றையொன்று மிதித்து ஏறும்போது இரு.
ஆவிப் பெட்டி திறந்து சிவப்பாக வரும்போது அரு.
நடுவில் உள்ள பன்னிரண்டு நிமிடத்துக்கு
எந்த வினை என்று புத்தகத்தில் இல்லை.
நான் சதை பிரிக்கிறவள்,
வெளியே வந்தபிறகுதான் பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்தில் படித்தது வேறு.
நண்டும் நாற்காலியும் ஒரே திணை,
தம்பி மட்டும் உயர்ந்த திணை.
இங்கே தம்பியும் நண்டும் ஒரு பக்கம்,
நாற்காலி தனியாக அந்தப் பக்கம்.
எனக்கு இது பிடித்திருந்தது,
பதினோராம் பாடம் வரும்வரை.

அதில் ஒரு வாடகைக் கார்.
டிரைவர் உள்ளே உட்கார்ந்து காத்திருந்தால் இரு.
சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அரு.
கார் அதே கார்.

தலைவலி என்று சொல்லி
அன்றைக்குச் சீக்கிரம் இறங்கிவிட்டேன்.

லிகோரி போன புரட்டாசியில்
டோக்கன் வாங்கி நாலு பேரோடு போனான்.
எல்லை தாண்டினான் என்றார்கள்.
வலைதான் இழுத்துக்கொண்டு போனது என்கிறான் இவன்.
நாற்பத்தேழு நாள் கழித்து
சென்னைக்கு விமானத்தில், அங்கிருந்து வேனில்,
மீசை இல்லாமல் வந்தான்.
படகு வரவில்லை.

ஒரு போட்டோ வந்தது, யாரோ யாருக்கோ அனுப்பியது.
அக்கரையில் கயிறு போட்டு,
ஒரு பக்கம் சாய்ந்து,
எஞ்சின் அறைவரை தண்ணீர்.
பச்சைப் பெயிண்டில் எங்கள் எண்ணின்
கடைசி இரண்டு எழுத்து மட்டும் மேலே.

மாதிரித் தேர்வு, பதினாறாம் கேள்வி.
துறைமுகத்தில் படகு, அப்புறம் ஒரு கோடு.
பக்கத்தில் கட்டைவிரல் அளவு படம்.
தாளைக் கிட்டே கொண்டுபோய்
அணியத்தில், கடையாலில்,
குனிந்துகொண்டு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.
பிறகு அரிமாஸ் என்று எழுதினேன்.

சரியான விடை. டீச்சர் சிவப்பில் வட்டம் போட்டாள்,
அங்கே சரிக்கு அடையாளம் வட்டமாம்.
எனக்கு அது சுழியமாகவே தெரிந்தது.

இப்போது லிகோரி அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறான்.
நேற்று ராத்திரி சோற்றில் கையை வைத்துக்கொண்டு,
தலை நிமிராமல் கேட்டான்:
நம்ம படகை உன் ஜப்பான்ல எப்படிச் சொல்லுவாங்க?

இரு, என்றேன்.
குழம்பு எடுக்க எழுந்தேன்.